பஞ்சு வைத்த பெட்டி

ஏற்காடு
3-6-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

அத்தாயி எழுதுகிறேன். மஞ்சக்குட்டையில் அம்மாவும் அப்பாவும் சுகம். நான் பங்களாவில்தான் இருக்கிறேன். கோயமுத்தூரில் மழை உண்டா தெரியவில்லை. இங்கே மதியத்துக்கு மேல் பனி மூடிக்கொள்கிறது, எதிரே வருவது ஆளா மாடா என்று தெரிவதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்கச் சொன்னது பங்களா மரியபுஷ்பம் அக்கா. எனக்காக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

அக்காவுக்கு இது ஏழாம் மாதம். போன வருஷம் பிறந்த குழந்தை தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குத் துணையாகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்காரர் ராயப்பன் அண்ணன் குவைத்தில் இருக்கிறார். அவர் கடிதம் எழுதுவதில்லை, கேசட்டில் பேசி அனுப்புகிறார். அக்கா அதைச் சின்ன டேப்ரிக்கார்டரில் போட்டுக் காதோடு வைத்துக்கொண்டு படுத்திருப்பார். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி கேட்கும். "இப்ப என்ன சொன்னாரு புள்ள?" என்று என்னைக் கேட்பார். எனக்கும் புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் பயம், ஏதோ ஒன்றைச் சொல்லிவைக்கவும் பயம்.

இப்போது ராயப்பன் அண்ணன் பெரிய செட் ஒன்று அனுப்பியிருக்கிறார். செட் நன்றாக வந்தது. அதனோடு வந்த ஸ்பீக்கர் இரண்டும் வழியில் நசுங்கிப்போய்விட்டன. கட்டிலுக்கு எதிரே புத்தக அலமாரி இருக்கிறது. அந்தத் தட்டில் வைக்கிற மாதிரி இரண்டு ஸ்பீக்கர் வேண்டும்.

அக்காவின் மாமியார் ஞானசுந்தரி அம்மாளை நாங்கள் பெரியம்மா என்போம். சேலத்தில் கம்பெனி ஸ்பீக்கர் வாங்கிவிடலாம் என்பது அவர் பேச்சு. அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உங்கண்ணன் ரேடியோக் கடையிலதான இருக்குது. கடையில வாங்குறதா, செஞ்சு வெக்கிறதா, எது நல்லதுன்னு எழுதிக் கேளு. எனக்குப் பாட்டெல்லாம் வேண்டாம். அவரு பேசுறது புரிஞ்சாப் போதும். அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அக்கா தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். என் காவலில் இருக்கும்போது இந்த வீட்டுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது. அதுதான் என் கவலையெல்லாம். ஸ்பீக்கர் எதுவானாலும் எனக்குச் சரி.

தங்கை
அத்தாயி


கோயமுத்தூர்
7-6-1984

அத்தாயிக்கு,

உன் கடிதம் பார்த்து ஆச்சரியம். வாயே திறக்காத நீ ஒருவரிடம் தலையாவது ஆட்டினாயே.

அக்காவிடம் சொல். கடை ஸ்பீக்கர் மோசம் இல்லை. கடையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து வாங்கலாம், பிடிக்காவிட்டால் மறுநாள் கொண்டுபோய்ச் சண்டை போடலாம். நான் செய்வதை, செய்து முடிக்கும்வரை நானே கேட்டிருக்க மாட்டேன். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், கடையில் வருவதெல்லாம் பாட்டுக்காகச் செய்தது. மெல்லிசுப் பலகை. தபேலா அடித்தால் கூடவே பலகையும் அடிக்கும். கேட்கிறவன் அடடா என்பான். அதில் ஒரு மனிதன் பேசினால் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசின மாதிரி இருக்கும். பேச்சுக்கு வேண்டியது கெட்டிப் பலகை, அதிராத பெட்டி, உள்ளே சுற்றிலும் பஞ்சு. பஞ்சு இருந்தால் சத்தம் உள்ளேயே முட்டிக்கொண்டு திரும்பி வராது. அக்கா கேட்பது குரல்தான் என்றால் நான் செய்கிறேன். நம் முதலாளி கோவிந்தராஜ் நல்ல ஸ்பீக்கர் இரண்டு எடுத்துத் தருவார்.

ஆடி வருகிறது. மைக் செட் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இப்போது என்னால் மலை ஏற முடியாது. அதனால் நீ அங்கேயே பெட்டியைச் செய்யச் சொல்லிவை. இதைச் செய். அலமாரித் தட்டின் உயரத்துக்கு ஒரு நூல், அகலத்துக்கு ஒரு நூல் அளந்து அறுத்துக்கொள். டவுனில் அருளப்பன் ஆசாரி என்று ஒருவர், கோயிலுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறார், நல்ல வேலைக்காரர். காய்ந்த பலாப் பலகையில் இரண்டு பெட்டி. ஒரே அளவு. உள்ளே இலவம்பஞ்சு. ஒரு பக்கம் மூடி, திருகு போட்டுக் கழற்றி மாட்டுகிற மாதிரி. வட்டத் துளையை நான் வந்து அறுத்துக்கொள்கிறேன், அதை அவரிடம் சொல்லிக் குழப்பாதே. பெட்டி என்று சொன்னாலே போதும், ஆசாரிக்கு எல்லாம் தெரியும்.

அவர் உன்னைக் கடித்துவிட மாட்டார். போ.

அண்ணன்
பொன்னுவேல்


ஏற்காடு
13-6-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி போய்ச் சொல்லிவிட்டேன். செய்கிறேன் என்றார். ஆனால் எனக்கு மனசு சரியில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று பாருங்கள்.

நான் போனபோது ஆசாரி சன்னல் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் என்று சொன்னால் பெரியம்மா காதுக்குப் போய்விடும் என்று அந்தச் சொல்லையே எடுக்கவில்லை. "ரெண்டு பெட்டி வேணுமுங்க," என்றேன். நூல் இரண்டையும் நீட்டினேன்.

அவர் நூலை வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"எந்த ஊட்டுக்கு சாமி?"

"பங்களா அக்காவுக்குங்க. மரியபுஷ்பம் அக்கா."

"டாக்டரு என்ன சொன்னாரு?"

அக்கா உடம்பைக் கேட்கிறார் என்று, "எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாருங்க," என்றேன்.

"ரெண்டா?"

"ஆமாங்க. சோடி."

அவர் நூலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "எப்ப வேணும்?" என்று கேட்டார். உள்ளே வைக்க வேண்டியது கோயமுத்தூரிலிருந்து வர வேண்டுமே என்று, "இன்னும் வரலைங்க. வந்ததும் உள்ள வெச்சு மூடோணும். வாறதுக்கு முன்னால பெட்டி தயாரா இருக்கோணும்," என்றேன். பஞ்சும் சொன்னேன், திருகு மூடியும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

"பேரு ஏதாச்சும் போடணுமா கண்ணு?"

கடை ஸ்பீக்கரில்தான் கம்பெனிப் பேர் இருக்கும், நம்முடையதில் ஏது. "பேரெல்லாம் இல்லைங்க," என்றேன். அப்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது அண்ணா. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "போன தடவையும் அந்த ஊட்டுக்கு நாந்தான் செஞ்சேன். அதுக்கும் வாங்கல. இதுக்கா வாங்குவேன்?" என்றார். புத்தக அலமாரியைத்தான் சொல்கிறார் போல.

"பெரியம்மாவுக்குத் தெரிய வேண்டாமுங்க," என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அன்றிலிருந்து டவுன் ஒரு மாதிரியாக இருக்கிறது. குழாயடியில் நான் போனதும் பேச்சு நிற்கிறது. பால் ஊற்றுகிற தங்கம்மா என் தலையைத் தடவி, "அந்தப் பொண்ண நல்லாப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு அழுதார். சாயங்காலத்தில் பங்களாவுக்கு எதிர் வீட்டில் ஐந்தாறு பேர் கூடி ஜெபமாலை சொல்கிறார்கள். அக்கா கட்டிலில் இருந்தபடியே, "யாருக்குப் புள்ள உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

ஸ்பீக்கர் செய்யச் சொன்னதற்கு யாராவது அழுவார்களா? எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தாயி


கோயமுத்தூர்
17-6-1984
எக்ஸ்பிரஸ் தபால்

அத்தாயி,

இதைப் படித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஆசாரியிடம் ஓடு.

நான் மூன்று நாளாகத் திருப்பூர்ப் பக்கம் மைக் கட்டப் போயிருந்தேன். இன்றுதான் உன் கடிதத்தைப் பார்த்தேன். முதலாளியிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த ஊட்டுக்காரங்க வேதக்காரங்களாடா?" என்று கேட்டார். ஆமாம், கிறிஸ்தவர்கள்தான் என்றேன். அப்புறம்தான் சொன்னார்.

நம் ஜனங்களுக்குப் பாடைதான். அவர்கள் செத்தவர்களைப் பெட்டியில் வைத்துத்தான் அடக்கம் பண்ணுவார்கள். அவர்களிடம் போய்ப் பெட்டி வேண்டும் என்றால் அது அந்தப் பெட்டிதான். ஆளை நூலால் அளந்துதான் ஆசாரிக்கு அளவு கொடுப்பார்களாம். உள்ளே பஞ்சும் வைப்பார்களாம். நீ முழங்கை நீளத்துக்கு நூல் கொடுத்திருக்கிறாய், அது குழந்தை அளவு. இரண்டு என்றிருக்கிறாய். சோடி என்றிருக்கிறாய். இன்னும் வரவில்லை என்றிருக்கிறாய். போன தடவை அவர் செய்தது அலமாரி இல்லை.

உன் மேல் தப்பில்லை. பெட்டி என்று சொன்னாலே போதும் என்று எழுதினவன் நான்.

ஆசாரியிடம் ஸ்பீக்கர் என்று உரக்கச் சொல். எத்தனை பேர் இருந்தாலும் சொல். அந்தப் பெட்டி பங்களா வாசலை மிதிக்கக் கூடாது. அக்கா கண்ணில் படவே கூடாது. தந்தி அடிக்கலாம் என்று தபாலாபீஸ் வரை போனேன். தந்திக்காரன் வந்து நின்றாலே அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று திரும்பிவிட்டேன். திருவிழாக் கம்பத்தில் கட்டின ஹாரன் ஸ்பீக்கரை இறக்கியதும் நானே கிளம்பி வருகிறேன்.

பொன்னுவேல்


மஞ்சக்குட்டை
20-6-1984

அண்ணா,

உங்கள் எக்ஸ்பிரஸ் நேற்றுத்தான் பங்களாவுக்கு வந்திருக்கிறது. நான் அங்கே இல்லை என்று தபால்காரர் ஜீப் ஓட்டுகிற மாதேஸ்வரனிடம் கொடுத்தனுப்பினார். பெட்டி அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது.

ஆசாரி ஆள் வைத்து அனுப்பவில்லை. அவரே கொண்டுவந்தார். இரண்டையும் வெள்ளை வேட்டியில் சுற்றித் தோளில் வைத்திருந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். பெரியம்மாதான் கதவைத் திறந்தார். என்ன என்று கேட்டதும் ஆசாரி வேட்டியைப் பிரித்தார். வெள்ளைப் பெயிண்ட் அடித்து, மூடி மேல் சின்னச் சிலுவை வைத்திருந்தார். நொம்ப அழகாகச் செய்திருந்தார் அண்ணா. அதைச் சொல்லக் கூடாது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

பெரியம்மா போட்ட சத்தத்தில் அக்கா எழுந்து வந்துவிட்டார். இறங்கவே கூடாது என்ற கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரெண்டா?" என்றார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்பீக்கர் என்று நான் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் அக்காவுக்கு வலி வந்துவிட்டது. மாதேஸ்வரன் ஜீப்பில் பின்சீட்டில் மெத்தை போட்டுப் படுக்கவைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த மூட்டத்தில் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கியிருப்பார்கள். நானும் ஏறப்போனேன். "நீ எங்கண்ணுலயே படாத," என்றார் பெரியம்மா. நான் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா இரண்டா என்று என்னைத்தான் கேட்டார். வயிற்றில் இருப்பது இரண்டு, இரண்டும் தங்காது என்று தனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார். நான் ஒரு சொல்லால் அப்படிச் செய்துவிட்டேன்.

இன்று மாதேஸ்வரன் வந்தார். ஜீப்பை நிறுத்தாமலே உங்கள் கடிதத்தை அம்மாவிடம் நீட்டி, "கொழந்த பொறந்துருச்சுங்க. பொட்டில வெச்சிருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஒரு பெட்டியா, இரண்டு பெட்டியுமா என்று கேட்க நான் ஓடினேன், ஜீப் வளைவு தாண்டிப் போய்விட்டது.

நான் இனி எங்கே போவேன் அண்ணா.

அத்தாயி


சேலம்
22-6-1984

அத்தாயி, கண்ணு,

முதலில் இதைப் படி. குழந்தை உயிரோடு இருக்கிறது. பெண் குழந்தை. ஒன்றுதான். அக்காவும் இருக்கிறார்.

மாதேஸ்வரன் அம்மாவிடம் பொட்டி என்று சொன்னானாம், அது கண்ணாடிப் பெட்டி. குறைமாதக் குழந்தைகளை உள்ளே படுக்கவைத்துச் சூடு கொடுக்கிற பெட்டி. அது குழந்தையைக் காப்பாற்றுகிற பெட்டி. அந்த மனுஷனை இன்று ஆஸ்பத்திரி வாசலில் பிடித்துத் திட்டினேன். "கண்ணாடிப் பொட்டின்னு சொல்ல மறந்துட்டேனுங்க, கியர மாத்துற அவசரம்," என்கிறான். இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்து, ஜீப்பை நிறுத்தி உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மலைக்குக் கிளம்பி வந்தவன், இங்கே பஸ் ஸ்டாண்டில் ஏற்காட்டு ஆட்கள் பேசியதைக் கேட்டு நேற்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். அவர்களுக்கு மருந்து வாங்க, இரத்தத்துக்கு ஓட வேறு ஆண்துணை இல்லை. முதலில் பெரியம்மாவிடம் நான் யார் என்று சொல்லவில்லை. இரண்டு தடவை மருந்துக்கு ஓடின பிறகு சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணனும் தங்கச்சியும் சேந்து நல்லாத்தான் செஞ்சீங்கடா," என்றார்.

ஸ்பீக்கர் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் நம்பினார். ஆனால், "தெரியாம வந்தாலும் வந்தது வந்ததுதான். அந்த ரெண்டும் எம்பட ஊட்டுல இருக்கக் கூடாது. போனதும் எரிச்சுப் போடுவேன்," என்றார்.

அதிர்ச்சியால் வலி வந்ததா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வலி தானாகவே வந்திருக்கலாம் என்றார். உனக்கு இதை மறைக்கவில்லை. எனக்கும் இதே பாரம்தான்.

குழந்தை என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. பிழைக்கும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. மூச்சு விடுகிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

பொன்னுவேல்


ஏற்காடு
19-8-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் மறுபடி பங்களாவுக்கு வந்துவிட்டேன். அக்கா ஆள் அனுப்பினார். குழந்தையையும் போன வாரம் கொண்டுவந்துவிட்டார்கள். இன்னும் நொம்பச் சின்னதுதான். தும்மினால்கூட எல்லோரும் எழுந்து நின்றுவிடுகிறோம்.

என்னைப் பார்த்ததும் அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். "கை கழுவிட்டு வந்து தூக்கு," என்றார். நான் தூக்கவில்லை.

பெரியம்மா சேலத்திலிருந்து வரும்போதே கம்பெனி ஸ்பீக்கர் சோடி ஒன்று வாங்கிவந்துவிட்டார். அட்டைப் பெட்டியோடு கூடத்தில் இருக்கிறது. நம் பெட்டி இரண்டும் விறகுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன. இரண்டு மாதமாக அந்தப் பக்கம் யாரும் விறகு எடுக்கப் போகவில்லையாம்.

நேற்றுப் பெரியம்மா அருளப்பன் ஆசாரியைக் கூப்பிட்டு, எடுத்துக்கொண்டு போ என்றார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"செஞ்சு குடுத்த பெட்டிய திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லைங்கம்மா. பட்டறைக்கு வெறும் பெட்டி திரும்பி வந்தா, பின்னாலயே அதுக்கு ஆளு தேடும்னு எங்கப்பன் காலத்துலயே சொல்லுவாங்க."

"அப்ப எரிச்சுப் போடறேன்."

"எரிக்கிறது அதுக்கும் மேல கெடுதலுங்க. பொதைக்கிறது... அத நான் சொல்லவே வேண்டியதில்ல. வெறும் பெட்டியா நிக்கக் கூடாதுங்க, அவ்வளவுதான்."

எல்லோரும் தொட்டில் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை அண்ணா. நான் பேசினேன்.

"வெறும் பெட்டியா நிக்கக் கூடாதுன்னா, எங்கண்ணன் உள்ள ஸ்பீக்கர வெச்சுட்டா அது வெறும் பெட்டி இல்லைங்களே."

பெரியம்மா என் பக்கம் திரும்பி, "வாயே தொறக்காது. தொறந்தா இப்பிடித்தான் தொறக்கும் இந்தப் புள்ள," என்றார். ஆசாரி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது சரிதானுங்க," என்றார்.

பெரியம்மா அட்டைப் பெட்டியைக் காட்டி, புத்தம் புதுசு, கம்பெனிச் சாமான், நாளைக்கே மாட்டிவிடலாம் என்றார். அக்கா கட்டிலில் இருந்தபடி பதில் சொன்னார்.

"கம்பெனி ஸ்பீக்கர வெச்சா அவரு பேசுறது கேக்கும் அத்தை. ஆனா அந்த ரெண்டும் வெறகுக் கொட்டாயில கெடக்கும். எனக்கு அது கெடக்கிறதுதான் கேக்கும்."

அதனால் நீங்கள் வர வேண்டும். சிலுவையை ஆசாரியே உளி வைத்து எடுத்துவிட்டார். வெள்ளைப் பெயிண்டை நீங்கள்தான் சுரண்ட வேண்டும். இதை நான் சொல்லி ஆரம்பித்துவிட்டேன். இனி ஒன்று ஆனால் அது என் சொல்லால்தான் ஆகும்.

அத்தாயி


ஏற்காடு
2-9-1984

அண்ணா,

பெட்டி இரண்டிலும் ஸ்பீக்கரை வைத்து மூடிவிட்டு நீங்கள் கடைசி பஸ்ஸுக்கு இறங்கி ஓடும்வரை கரண்ட் வரவில்லை அல்லவா. மறுநாள் காலையில்தான் வந்தது.

அக்கா கேசட்டை என் கையில் கொடுத்து, "நீயே போடு," என்றார். வேறு யாரும் அலமாரிப் பக்கம் வரவில்லை. பெரியம்மா அறைக்குள்ளேயே வரவில்லை. போட்டேன். இடது பக்கம் ராயப்பன் அண்ணன் பேசினார். நொம்பத் தெளிவாக, நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற மாதிரி. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

வலது பக்கம் பேசவில்லை.

காதை வைத்துப் பார்த்தேன். இரைச்சல்கூட இல்லை. வலது பெட்டி தொட்டில் பக்கத்தில் இருக்கிறது. அக்கா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் போட்டிருந்த சிலுவையைக் குழந்தையின் கையில் பிடித்துவைத்தார்.

பெரியம்மா கூடத்தில் இருந்தபடியே கேட்டார். "ஒண்ணு பேசலையா?" "ஒண்ணு பேசல," என்று அவரே சொல்லிக்கொண்டு கம்பெனி அட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் போய் அவர் எதிரில் நின்றேன்.

"எங்கண்ணனுக்கு ஒரு கடுதாசி போட்டுக்கிறேனுங்க. அதுக்குப் பதில் வர வரைக்கும் பொறுத்துக்கங்க."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கையை எடுத்துவிட்டார்.

இரண்டில் ஒன்று ஊமையாக இருக்கிறது. குழந்தைக்கு நேற்று முதல் மூக்கடைப்பு. நான் இரண்டையும் சேர்த்து நினைக்கக் கூடாது என்று தெரியும். எல்லோரும் சேர்த்துத்தான் நினைக்கிறோம். சீக்கிரம் வாருங்கள்.

அத்தாயி


கோயமுத்தூர்
5-9-1984

அத்தாயி,

இப்போது வர முடியாது, முதலாளி காய்ச்சலில் படுத்துவிட்டார், கடையில் நான் மட்டும்தான். ஆனால் நான் வர வேண்டியதும் இல்லை. நீயே பார்க்கலாம்.

மூடியைத் திருகுவதற்கு முன்னால் இரண்டு ஸ்பீக்கரையும் டார்ச் செல் வைத்துத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் டக் டக் என்று பதில் சொன்னது. பெட்டி இரண்டும் சரி. செட்டில் கோளாறு என்று நினைக்கிறேன். நினைப்பது போதாது, சோதித்துப் பார்.

செட்டை அணை. பின்னால் இடது பக்கம் ஒரு சோடி ஒயர், வலது பக்கம் ஒரு சோடி ஒயர் போகிறது. சின்னக் கிளிப்பை அழுத்தினால் வாயைத் திறக்கும், ஒயரை உருவலாம். இடது சோடியை எடுத்து வலது பக்கம் செருகு, வலது சோடியை இடது பக்கம் செருகு. பெட்டியைத் தொடாதே. செட்டைப் போடு.

இப்போதும் அதே வலது பெட்டிதான் ஊமை என்றால் தப்பு என்னுடையது. கம்பெனி ஸ்பீக்கரை வைத்துவிடச் சொல், நான் வந்து காலில் விழுகிறேன். ஊமைப் பெட்டி பேசி, பேசின பெட்டி ஊமையானால் செட்டில்தான் ஒரு பக்கம் செத்திருக்கிறது.

அப்படியானால் இரண்டு பெட்டியையும் நல்ல பக்கத்திலேயே கோத்துவிடலாம். முதல் பெட்டிக்குள் போய் வெளியே வருகிற ஒயர், இரண்டாவது பெட்டிக்குள் போய்த் திரும்பி வரட்டும். பூக்கட்டுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்று. படம் போட்டிருக்கிறேன் பார். அவர் பேசினது இரண்டு பக்கமும் ஒரே பேச்சுதான், ஒன்றும் குறையாது.

சிவப்பு ஒயரைச் சிவப்பில் செருகு. ஷாக் அடிக்காது. பயந்தால் பயந்துகொண்டே செய்.

பொன்னுவேல்


ஏற்காடு
9-9-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு மட்டும் தெரியும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "செய்யி," என்றார்.

கிளிப்பை அழுத்தவே எனக்கு நேரமானது. விரல் வியர்த்து வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒயரை மாற்றிவிட்டு, கேசட்டைப் போட்டுவிட்டு, எதையும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். தொட்டில் பக்கத்துப் பெட்டி பேசியது. முதல் சொல்லே அதிலிருந்துதான் வந்தது. மறுபக்கத்துப் பெட்டி ஊமையாகிவிட்டது.

அக்கா, "மறுபடி மாத்து," என்றார். மாற்றினேன். "மறுபடி," என்றார். அப்படி எத்தனை தடவை என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் பெட்டி மாறி மாறிப் பேச, அக்கா மூச்சை விட்டார்.

சத்தம் கேட்டுப் பெரியம்மா அறை வாசலுக்கு வந்தார். அவர் நம்பவில்லை. அட்டையைப் பிரித்துக் கம்பெனி ஸ்பீக்கர் ஒன்றைத் தானே தூக்கிவந்து, "இத மாட்டு," என்றார். செட்டின் செத்த பக்கத்தில் மாட்டினேன். அதுவும் பேசவில்லை.

"கம்பெனியும் ஊமதான் அத்தை," என்றார் அக்கா.

பெரியம்மா அதை அட்டைக்குள் வைத்து மூடிவிட்டார். கோபமா என்று தெரியவில்லை. நீங்கள் போட்ட படத்தைப் பார்த்து ஒயரைக் கோத்தேன். சிவப்பைச் சிவப்பில்தான் செருகினேன். போட்டேன். இரண்டும் பேசின அண்ணா. சத்தம் கொஞ்சம் குறைவு, ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது.

பெட்டிகள் அலமாரிக்கு வந்ததிலிருந்து பெரியம்மா அந்த அறை வாசலைத் தாண்டி நின்றதில்லை, கேசட்டை ஒழுங்காகக் கேட்டதும் இல்லை. ராயப்பன் அண்ணன் அங்கே வெயிலைப் பற்றிச் சொன்னார், அறையில் உடன் இருக்கிற ஆட்களைப் பற்றிச் சொன்னார். பிறகு, "அம்மா, முட்டி வலி எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டார்.

"அப்பிடியேதான் இருக்குது சாமி," என்று பெரியம்மா பெட்டியைப் பார்த்துப் பதில் சொன்னார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் மடி ஆடிக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. நன்றாக, பெரிய சத்தமாக அழுதது. அவ்வளவு சத்தம் அதற்குள் இருந்தது எங்களுக்குத் தெரியாது. நான் பயந்துபோய்ச் செட்டை அணைத்துவிட்டேன்.

"ஏம்புள்ள அணைச்ச?" என்றார் பெரியம்மா, உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டே. "இவ அழட்டும். அவம்பாட்டுக்குப் பேசட்டும்."

மறுபடி போட்டேன்.

தங்கை
அத்தாயி